பத்துப் புடவை, ஒரு விலை

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு இரும்பு வாணலி இன்னும் கிடக்கிறது. அடி கறுத்துப்போய், ஒரு பக்கக் காது உடைந்த பழைய வாணலி. அதில்தான் அப்பா முப்பது வருஷம் பட்டுப்புடவை எரித்தார்.

கும்பகோணம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. "பழைய பட்டுப்புடவை, ஜரிகை வாங்குறது" என்று தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு போவார்கள். சிலர் காசு தருவார்கள், சிலர் எவர்சில்வர் பாத்திரம் தருவார்கள். அப்பாவுக்குக் கடைத்தெருவில் ஒரு சின்னக் கடை இருந்தது. தெருவில் வாங்கியவர்கள் அவரிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர் கரையையும் முந்தியையும் வெட்டித் தனியாக எடுத்துக்கொள்வார். உடல் பகுதி எடைக்குப் போய்விடும். ஜரிகைத் துண்டுகளை வாணலியில் போட்டு எரித்து, சாம்பலை அலசி, வெண்காரம் சேர்த்து மூசையில் உருக்கினால் வெள்ளி திரளும். அதில் துளியளவு தங்கமும் இருக்கும். அதைப் பிரிக்கிற வேலையை அப்பா செய்ததில்லை, வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்.

பட்டு எரியும்போது முடி கருகுகிற வாடைதான் வரும். இரண்டும் புரதம் என்பதால் அப்படி. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனையிலேயே அந்த வாடை வந்தால், இன்றைக்குப் புடவைக் கட்டு வந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இப்போது நானும் அதே வீட்டில் உட்கார்ந்து அதே மாதிரிப் புடவைகளைத்தான் வாங்குகிறேன். ஆனால் முழுசாகவே விற்கிறேன். பத்துப் பத்தாகச் சேர்த்து, இணையத்தில், லாட் போட்டு. ஏழு வருஷமாகிறது.

ஆரம்பத்தில் ஒவ்வொரு புடவையாகத்தான் விற்றேன். ஒரு புடவையை விரித்துப் பார்த்து, நிழலில் காற்றாடவிட்டு, படம் எடுத்து, நீள அகலம் அளந்து, விவரம் எழுதி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்புறம் "லாஸ்ட் பிரைஸ் என்ன", "இன்னொரு படம் அனுப்புங்க" என்று ஐம்பது கேள்வி வரும். அவ்வளவுக்கும் பிறகு ஒன்று விற்றால், அடுத்த மூன்று விற்காது. வாங்கிய புடவைகளில் பாதி பீரோவிலேயே தங்கிவிடும். தங்கினால் கடைசியில் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

ஈபேயில் அமெரிக்கர்கள் பழைய டீ-சர்ட்டுகளை இருபது, ஐம்பது என்று சேர்த்து விற்பதைப் பார்த்துத்தான் எனக்கு லாட் பற்றிய எண்ணமே வந்தது. அங்கே மொத்தமாக வாங்கி, தனித்தனியாக விற்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வசதி உண்டு. துணியின் வயதைச் சீட்டே சொல்லிவிடும். எப்படித் துவைக்க வேண்டும் என்ற குறிப்பைத் துணியில் வைக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1972-இல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சீட்டு தைத்திருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்திய சட்டை என்று ஊகிக்கலாம். விளிம்புத் தையல் ஒற்றையா இரட்டையா என்று பார்த்தும் ஒரு கணக்குப் போடுகிறார்கள். நம் பழைய புடவைக்கு அப்படித் தைத்த சீட்டு கிடையாது. எங்கள் பக்கத்துத் திருபுவனம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே 2019-இல்தான். அதற்கு முன்னால் தறியிலிருந்து இறங்கிய புடவை தன்னைப் பற்றி என்ன சொல்ல வேண்டுமோ அதை இழையிலேயே சொல்லியாக வேண்டும்.

அதைப் படிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அப்பா. கரையின் ஓரத்திலிருந்து ஒரே ஒரு ஜரிகை இழையை உருவி, நகத்தால் சுரண்டுவார். மேலே தங்க முலாம். அது போனால் கீழே வெள்ளையாக மின்னினால் வெள்ளி. அதையும் பிரித்தால் உள்ளே சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு நூல். அதுதான் அசல் ஜரிகை. சுரண்டினதும் செம்பு நிறம் தெரிந்தால் மட்டமான ஜரிகை. தட்டையாக, பிளாஸ்டிக் மாதிரிச் சுருண்டு வந்தால் அது ஜரிகையே இல்லை, பாலியெஸ்டர் படலம். இதை எரித்துப் பார்த்தால் இன்னும் சந்தேகமே இருக்காது: பட்டு நொறுங்கிச் சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கறுத்த மணியாகிவிடும்.

எரிப்பதற்காகக் கற்றுக்கொண்ட பாடம் இது. எனக்கு இன்றைக்குப் பிழைப்பே இதுதான். ஒரு கட்டு வந்ததும் முதலில் ஜரிகையைப் பார்த்துவிட்டு, அப்புறம் புடவையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன். பட்டுப்புடவைக்குப் பெரிய எதிரி மடிப்பு. பீரோவில் அதே மடிப்பில் பத்து இருபது வருஷம் கிடந்தால் அந்தக் கோட்டில் இற்றுப்போகும். பார்க்க நன்றாக இருக்கும். இரண்டு கட்டைவிரலுக்கு நடுவே பிடித்து லேசாக இழுத்தால் சர்ரென்று விட்டுக்கொடுக்கும். ஈரம், எலி, பூச்சி எல்லாம் கண்ணுக்குத் தெரியும். மடிப்பு தெரியாது. அதனால் வாங்குகிறவரை ஏமாற்றுவதும் மடிப்புதான்.

பிரிப்பதில் மூன்று குவியல். அப்படியே கட்டிக்கொள்ளக்கூடியது ஒன்று. உடல் போய், கரையும் முந்தியும் நன்றாக இருப்பது இரண்டாவது. மூன்றாவது, துண்டாக வெட்ட மட்டுமே ஆகக்கூடியது. முதல் குவியலைப் பெரும்பாலும் நம் ஊர்க்காரர்களே வாங்குகிறார்கள். இரண்டாவதுக்குப் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் ஆள் இருக்கிறார்கள். குழந்தைகளுக்குப் பட்டுப்பாவாடை தைக்கிறவர்கள், கரையை வெட்டி வேறு துணியில் வைத்துத் தைக்கிறவர்கள். ஒரு பழைய ஒன்பது கஜத்தில் எத்தனை பாவாடை வரும் என்று அவர்கள் படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். மூன்றாவதுக்கு வெளிநாட்டில் கேட்பார்கள். துண்டுகளை ஒட்டுப்போட்டு மெத்தை விரிப்பு தைக்கிற பெண்கள், கிழித்து நாடாவாக்கிப் பின்னுகிறவர்கள், கம்பளியோடு சேர்த்து அழுத்தி வேறு துணியே செய்கிறவர்கள். அவர்களுக்குக் கனமான முகூர்த்தப் பட்டைவிட, இழை மெலிதான மைசூர் கிரேப், பூப்போட்ட பட்டு இதெல்லாம்தான் பிடிக்கிறது.

இந்த மூன்றையும் ஒன்றாகக் கலக்கக்கூடாது. லாட் விற்கிற தொழிலில் நான் விடாப்பிடியாக வைத்திருக்கிற விதி இதுதான். கலந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். மேலே ஒரு நல்ல மயில்கழுத்துப் புடவையை விரித்துப் படம் பிடித்து, அதற்கு அடியில் ஒன்பது கிழிசலைத் தள்ளிவிடுவார்கள். பணம் வரும், ஆனால் அந்த ஆள் திரும்ப வரமாட்டார். லாட்டுக்கு விலை வைக்கும்போது அதில் இருக்கிற மோசமான மூன்றைப் பார்த்து வைக்க வேண்டும், நல்ல ஒன்றைப் பார்த்து வைக்கக்கூடாது. படத்திலும் அப்படித்தான். என் பக்கத்தில் முதல் படம் எப்போதும் அந்த லாட்டில் இருக்கிற பெரிய கிழிசல், பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் வைத்து.

இந்த ஞானம் எனக்குச் சும்மா வரவில்லை. இரண்டாவது வருஷம் ஆஸ்திரேலியாவில் ஒரு அம்மாவுக்குப் பத்துப் புடவை அனுப்பினேன், கட்டக்கூடியது என்று எழுதி. அதில் ஒரு மாம்பழ மஞ்சள் புடவையை அவசரத்தில் மடிப்பைப் பிரிக்காமலே உள்ளே வைத்துவிட்டேன். அவர் அதைத் தன் மகளுக்குக் கட்டிவிட்டிருக்கிறார். விருந்தில் உட்கார்ந்து எழுந்ததும் இடுப்புக்குக் கீழே குறுக்காக ஒரு முழத்துக்குக் கிழிந்துவிட்டது. அவர் கோபமாக எழுதவில்லை. "மற்ற ஒன்பதும் நன்றாக இருக்கின்றன, இதையும் பார்த்திருப்பீர்கள் என்று நினைத்தேன்" என்று மட்டும் எழுதினார். பத்துக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த வரி இன்னும் என் மனதில் இருக்கிறது. லாட் வாங்குகிறவர் பத்துப் புடவையையும் தொட்டுப் பார்க்க முடியாது. நான் தொட்டுப் பார்த்திருப்பேன் என்ற நம்பிக்கையைத்தான் அவர் காசு கொடுத்து வாங்குகிறார்.

அப்புறம் எடை. ஆறு கஜப் பட்டு ஒன்று அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை இருக்கும். பத்து சேர்த்தால் ஆறரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரியரில் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். வருகிற எண்ணும் நிஜ எடையும் எது அதிகமோ அதற்குத்தான் காசு. ஐம்பதுக்கு நாற்பதுக்கு முப்பது பெட்டியில் போட்டால் 12 கிலோவுக்குக் கட்ட வேண்டும். அதே புடவைகளை நாற்பதுக்கு முப்பதுக்கு இருபத்தைந்தில் அடக்கினால் கணக்கு 6 கிலோ, ஆறரைக்குக் கட்டினால் போதும். பாதி லாபம் பெட்டியில்தான் இருக்கிறது. அதற்காகக் காற்றை உறிஞ்சி அமுக்கவும் கூடாது, பழைய பட்டு அதைத் தாங்காது. நான் பழைய வேட்டித் துணியை நடுவில் வைத்துச் சுருட்டுகிறேன். சுருட்டினால் மடிப்பே விழாது.

எல்லாப் புடவையும் லாட்டுக்குள் போய்விடுவதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் சுவாமிமலைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார், எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மஞ்சள் பையில் நான்கு புடவை. மூன்றை மேஜைமேல் வைத்தார். நான்காவதைப் பையிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

"தம்பி, நீங்க எரிக்கிறவங்களா, விக்கிறவங்களா?"

"விக்கிறதுதான்மா. அப்பா காலத்துல எரிச்சாங்க."

"உங்கப்பாகிட்டதான் எங்க நாத்தனார் புடவை ஒண்ணு வந்துச்சு. அப்ப பணம் வேண்டியிருந்துச்சு, குடுத்துட்டோம்."

அதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவரே நான்காவதை எடுத்து விரித்தார். அரக்கு உடல், பச்சைக் கரை, பச்சை முந்தி. கோர்வைப் புடவை. உடலில் குறுக்கே ஓடுகிற ஊடையும் கரையின் ஊடையும் வேறு வேறு நிறம் என்பதால், இரண்டையும் ஒவ்வொரு இழைக்கும் கோத்துக்கோத்து நெய்ய வேண்டும். அதற்குத் தறியில் இன்னொரு ஆளும் உட்கார வேண்டும். திருப்பிப் பார்த்தேன். உடலும் முந்தியும் சேருகிற இடத்தில் பேட்னி என்கிற இணைப்பு, தழும்பு மாதிரித் தடித்து, விரலுக்குத் தட்டுப்பட்டது. நெடுக ஓடுகிற அரக்குப் பாவின் ஒவ்வொரு இழையோடும் பச்சைப் பாவின் இழையைச் சேர்த்து, அப்புறம் பழையதை நறுக்கியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். முந்தியின் ஒரு மூலையில் மஞ்சள் கறை, முடிச்சுப் போட்ட சுருக்கம் அப்படியே நின்றிருந்தது. தலைப்பின் ஓரத்தில் சலவைக்காரர் போட்ட குறி, இரண்டு புள்ளியும் ஒரு கோடும், கறுப்பு மையில்.

"முடிச்சுல என்னம்மா இருந்துச்சு?"

"ஒரு ரூபா காசு. தாலி கட்டுன அன்னைக்கு முடிஞ்சது. அதை நான் எடுத்துக்கிட்டேன்."

நான் அந்தப் புடவையை லாட்டில் போடவில்லை. தனியாகவே விற்றேன், மைலாப்பூரில் ஒரு பெண் தன் கல்யாணத்துக்குக் கட்ட வாங்கினாள். மஞ்சள் கறையை எடுக்க வேண்டாம் என்று எழுதினாள். லாட்டில் பத்தில் ஒன்றாகப் போயிருந்தால் அந்தக் கறையை நானே ஒரு குறையாகத்தான் எழுதியிருப்பேன். இதனால்தான் இப்போது ஒவ்வொரு கட்டிலும் முதலில் லாட்டுக்கு ஆகாததைத் தேடுகிறேன்.

இன்னொரு வகையும் ஆகாது, அது சட்டப்படி. 1972-இல் வந்த தொல்பொருள் சட்டத்தின்படி நூறு வருஷம் ஆன கைவினைப் பொருளைத் தனி ஆள் நாட்டை விட்டு அனுப்பக் கூடாது. நெய்த துணியும் அதில் வரும். கொள்ளுப்பாட்டி புடவை என்று சொல்லிக் கொண்டுவருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது எந்த வருஷக் கல்யாணம் என்றுதான். ஒருமுறை ஒரு குடும்பத்தில் கல்யாணப் பத்திரிகையையே காட்டினார்கள், நூறு தாண்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து நல்ல விலை கேட்டார்கள். நான் பட்டியலில் ஏற்றவே இல்லை. வீட்டிலேயே வைத்திருங்கள் என்று சொல்லி, மடிப்பை மாற்றி மாற்றி வைக்கவும், ஜரிகைமேல் நாப்தலின் உருண்டை போடாமல் இருக்கவும் சொல்லி அனுப்பினேன்.

2025-ஐப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அமெரிக்காவுக்கு 800 டாலருக்குள் போகிற பொட்டலங்களுக்கு வரி இல்லை என்றிருந்த சலுகை ஆகஸ்ட் 29-ஆம் தேதியோடு எல்லா நாடுகளுக்கும் போய்விட்டது. வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்பது தெளிவாகாததால் ஆகஸ்ட் 25-லிருந்தே தபாலில் சரக்குப் பொட்டலம் எடுப்பது நின்றது. மறுபடி அக்டோபர் 15-இல்தான் தொடங்கியது, அறிவித்த மதிப்பில் 50 சதவீத வரியை இங்கேயே முன்கூட்டிக் கட்ட வேண்டும் என்ற ஏற்பாட்டோடு. அந்த ஏழு வாரமும் மூன்றாவது குவியல் நகரவே இல்லை. கட்டி வைத்த நான்கு பெட்டி கூடத்திலேயே கிடந்தது.

அதே வருஷம்தான் வெள்ளி ஏறியது. கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டியபோதே தெருவில் வாங்குகிறவர்களின் குரல் மாறிவிட்டது. டிசம்பரில் இரண்டு லட்சத்தையும் தாண்டியது. இதைப் புடவைக் கணக்கில் பாருங்கள். ஒரு பழைய முகூர்த்தப் பட்டில் 150 கிராம் அசல் ஜரிகை இருந்து, அதில் பாதி வெள்ளி என்று வைத்தால் 75 கிராம். கிலோ ஒரு லட்சம் என்றால் 7,500 ரூபாய். இரண்டு லட்சம் என்றால் 15,000. ஓரங்களில் இற்றுப்போன ஒரு புடவைக்கு லாட்டில் எனக்கு அதில் கால்வாசிகூட வராது. விற்க வருகிற வீட்டுக்காரருக்கு நான் எந்த நியாயத்தைச் சொல்லிக் குறைந்த விலைக்குக் கேட்பேன்? பெண்ணுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட வந்தவரிடம் நெசவின் அருமையைப் பேச எனக்கு வாய் வரவில்லை. "நீங்க எரிக்கிறவங்ககிட்டயே குடுங்கக்கா, அங்க கூட வரும்" என்று நானே சொல்லி அனுப்பிய நாட்கள் உண்டு.

ஆனால் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும். வெள்ளி மறுபடியும் கிடைக்கும், சுரங்கத்திலிருந்தோ வேறு எங்கிருந்தோ. அந்தப் பேட்னியைப் போட்ட கை மறுபடி கிடைக்காது. கோர்வைக்குத் துணை உட்கார ஆள் இல்லாமல் எத்தனையோ பேர் வேறு மாதிரிக் கரைக்கு மாறிவிட்டார்கள். பழைய புடவையைக் கொடுத்து இதே மாதிரி வேண்டும் என்று கேட்கிறவர்களுக்காக அதை வைத்துப் பார்த்துத்தான் நெய்கிறார்கள். வைத்துப் பார்க்கப் புடவை வேண்டுமே. துண்டாக வெட்டி மெல்போர்னில் ஒரு விரிப்பில் தைத்தாலும் அந்த நெசவு துணியாகத்தான் இருக்கும். வாணலிக்குப் போனால் எதுவுமே இருக்காது.

அதனால் இப்போது இப்படிச் செய்கிறேன். ஜரிகை கனமாக இருந்து, உடல் அடியோடு போன புடவை வந்தால் கரையிலும் முந்தியிலும் ஒரு முழத் துண்டு வெட்டி வைத்துக்கொள்கிறேன், பேட்னி வருகிற இடமாகப் பார்த்து. மிச்சத்தை உருக்கக் கொடுத்து அந்தப் பணத்தை அந்த வீட்டுக்காரருக்கே கொடுத்துவிடுகிறேன். அந்தத் துண்டுகளையெல்லாம் சேர்த்து நெசவாளர்களுக்கு மட்டும் ஒரு லாட் போடலாம் என்று எண்ணம். நாற்பத்து மூன்று துண்டு சேர்ந்திருக்கிறது.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டது. கட்டு பிரிக்கிற அன்றைக்குத் தானாகவே வந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். எடுத்துக் கொடுத்தால் கரையை விரலால் தடவிப் பார்த்து, அசல், மட்டம் என்று சொல்லிவிடுவார், இதுவரை தப்பியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பச்சைப் புடவை வந்தது. உடல் முழுக்க எலி கடித்தது, ஜரிகை நல்ல கனம். உருக்கப் போகிற பக்கமாக நான் வைத்தேன். அவர் கையை நீட்டி அதை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, முந்தியை மட்டும் ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"யாளி போட்டிருக்கான்டா. ரெண்டு வரிசை. முந்தில ஒரு கிழிசல் இல்ல பாரு."

"உடம்பு போயிடுச்சுப்பா. லாட்ல சேராது."

"சேரலன்னா இருக்கட்டும். அந்தப் பக்கம் வைக்காத."

அது இன்னும் அவர் கட்டில் தலைமாட்டில்தான் இருக்கிறது.